பனித்தளத்தின் கதை – 17: அல்மாட்டி கேட்டதும் கிடைத்ததும்

2015 ஜூலை 31, கோலாலம்பூர். 2022 குளிர்கால ஒலிம்பிக்கை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூடியிருந்தது. களத்தில் எஞ்சியவை இரண்டே ஊர்கள். ஒன்று பெய்ஜிங், இன்னொன்று கஜகஸ்தானின் அல்மாட்டி. மின்னணு வாக்கெடுப்பில் கோளாறு ஏற்பட, சீட்டில் எழுதி மறுபடி ஓட்டுப் போட்டார்கள். பெய்ஜிங் 44, அல்மாட்டி 40. செயற்கைப் பனி தேவையில்லை, மலையே எங்கள் வாசலில் நிற்கிறது என்று வாதாடிய அல்மாட்டி, நான்கே ஓட்டில் வெறுங்கையோடு திரும்பியது.

அந்த முயற்சிக்குத் தூதராக இருந்தவர் டெனிஸ் டென். அப்போது அவருக்கு வயது 22. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் வெண்கலம் வென்றவர். சோச்சியில் கஜகஸ்தானுக்குக் கிடைத்த பதக்கமே அது ஒன்றுதான்.

டென் கொரிய வம்சாவளி. 1907-ல் கொரிய ராணுவத்தை ஜப்பான் கலைத்தபோது, வோன்ஜு படைப்பிரிவைச் சேர்ந்த மின் குங்-ஹோ பணிய மறுத்தார். காங்வான் மாகாண மலைகளில் கெரில்லாப் போர் நடத்தி, மறு ஆண்டே பிடிபட்டு உயிரை விட்டார். அவருடைய எள்ளுப்பேரன்தான் டெனிஸ். கஜகஸ்தானில் கொரியர்கள் வேர்பிடித்ததற்குப் பின்னாலும் ஒரு கொடுமை உண்டு. சோவியத்தின் தூரக் கிழக்கில் வாழ்ந்த கொரியர்கள் ஜப்பானுக்கு உளவு சொல்வார்கள் என்று சந்தேகப்பட்ட ஸ்டாலின் அரசு, 1937-ல் சுமார் 1,70,000 பேரை ரயிலில் அள்ளிப்போட்டு மத்திய ஆசியாவில் இறக்கிவிட்டது.

சிறுவன் டெனிஸ், அடுக்கடுக்காகத் துணி சுற்றிக்கொண்டு, அல்மாட்டியின் உறைகுளிரில் திறந்தவெளிப் பனியில்தான் விழுந்து எழுந்து பழகினான். பிறகு ஊரில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் ஐஸ் தளம் வந்தது. மேற்கொண்டு கற்க மாஸ்கோ, அப்புறம் கலிஃபோர்னியா என்று ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடில் ஓடிவந்து எகிறி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் பின்புறமாக இறங்க வேண்டும். உள்ளூரில் நல்ல உள்ளரங்கம் இல்லாமல் அந்த வித்தை கைவராது.

ஒலிம்பிக் கைநழுவினாலும், அல்மாட்டியின் மடியில் வேறொன்று ஏற்கெனவே இருந்தது. 2017 குளிர்கால யுனிவர்சியேட், அதாவது உலகப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டு. இதன் குளிர்காலப் பதிப்பு 1960-ல் பிரான்ஸின் ஷமோனியில் தொடங்கியது. ஃபிகர் ஸ்கேட்டிங் அன்றிலிருந்தே உண்டு. 2017-ல் 17 முதல் 28 வயதுக்குள் இருந்த மாணவர்களுக்குத்தான் இடம். அந்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்ஷிப், நான்கு கண்டப் போட்டி இரண்டுக்கும் நடுவே வந்ததால் பெரிய தலைகள் பலர் தவிர்த்துவிட்டார்கள். ஒலிம்பிக் கேட்ட ஊருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அல்மாட்டி அப்படி நினைக்கவில்லை. அல்மாட்டி அரீனா, ஹாலிக் அரீனா என இரண்டு புதிய ஐஸ் அரங்குகளைக் கட்டியது. 2017 ஜனவரி 29-ல் விழா தொடங்கியது. மற்ற நட்சத்திரங்கள் தவிர்த்தாலும் டெனிஸ் தவிர்க்கவில்லை. கட்டாய அம்சங்கள் கொண்ட குறு நிகழ்ச்சி, நீண்ட சுதந்திர நிகழ்ச்சி, இரண்டின் கூட்டுப் புள்ளியில் ஆண்கள் தங்கம் அவருக்கு. பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் எலேனா ராதியோனோவா வென்றார். பதக்கப் பட்டியலில் ரஷ்யாவுக்கு அடுத்த இடம் கஜகஸ்தானுக்கு.

2011 ஆசிய குளிர்கால விளையாட்டிலும் டெனிஸ் தாய்நாட்டில் தங்கம் வாங்கியிருக்கிறார். ஆனால், அது அஸ்தானாவில். பிறந்த ஊரில் வென்றது இது.

அதுவே டெனிஸ் வென்ற கடைசிப் பெரிய தங்கம். அடுத்த ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக், எள்ளுத்தாத்தா போரிட்ட அதே காங்வான் மாகாணத்தில் நடந்தது. காலில் காயத்தோடு இறங்கியவர் 27-ம் இடத்தோடு வெளியேறினார். 2018 ஜூலை 19 அன்று அல்மாட்டித் தெருவில், தன் காரின் பக்கக் கண்ணாடியைத் திருடியவர்களைத் தடுக்கப்போய்க் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். வயது 25. குற்றவாளிகள் இருவருக்கும் தலா 18 ஆண்டு சிறை.

2019 முதல் டெனிஸ் டென் நினைவுப் போட்டியை கஜகஸ்தான் நடத்திவருகிறது. யுனிவர்சியேட் நடந்தபோது அல்மாட்டியில் 12 வயதுப் பையனாக இருந்த மிகாயில் ஷைதோரோவ், 2025 பாஸ்டன் உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். நான்கு ஓட்டில் தோற்ற ஊர், மாணவர் விளையாட்டைச் சில்லறையாக நினைத்துக் கை கழுவாமல் இருந்ததில் பிழையில்லை.

அடுத்த வாரம்: 1961 பிப்ரவரி 15. பிராக் நகருக்குப் புறப்பட்ட அமெரிக்க ஸ்கேட்டிங் அணி, பிரஸ்ஸல்ஸ் அருகே விமானத்தோடு முழுமையாக மடிந்தது. அமெரிக்கா மீண்டும் எழுந்தது எப்படி?

(தொடரும்)