மருந்துக்கு அடங்காத குடல் பாக்டீரியா: நெடுநாள் சுமப்பு

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா, நோய் எதையும் உண்டாக்காமல் ஒருவரின் குடலில் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதே நெடுநாள் சுமப்பு. காய்ச்சல் இராது, வயிறு வலிக்காது, சுமப்பவருக்கே தெரியாது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே இரண்டும் இப்படித் தங்குவதில் முதன்மையானவை. கடைசிக் கட்டத்துக்கென வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளுக்கும் அடங்காத வகைகளே மருத்துவமனைகளை மிகவும் கலங்கடிக்கின்றன.

2011 ஜூனில், அமெரிக்காவின் பெதெஸ்டாவிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மருத்துவ மையத்துக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி மாற்றப்பட்டார். அவரிடம் இத்தகைய கிளெப்சியெல்லா இருப்பது தெரிந்தே தனிமைப்படுத்தினார்கள். ஜூலையில் அவர் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து, இன்னொருவரிடம் அதே பாக்டீரியா தென்பட்டது. மொத்தம் 18 பேரிடம் பரவி, 11 பேர் இறந்தனர். அவர்களில் ஆறு பேரின் இறப்புக்கு இத்தொற்றே காரணம். பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, நோயாளிகள் கண்டறியப்பட்ட வரிசையும் பரவிய வரிசையும் வேறாக இருந்தன. சிலர் வாரக்கணக்கில் அறிகுறியின்றிச் சுமந்திருக்கிறார்கள். கைகழுவும் தொட்டியின் வடிகாலிலும், சுத்தம் செய்த செயற்கைச் சுவாசக் கருவியிலும்கூட அது இருந்தது.

எவ்வளவு காலம் தங்கும்? இஸ்ரேலில் கார்பபெனத்துக்கு அடங்காத பாக்டீரியாவோடு வீடு திரும்பிய 97 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அது மறைய சராசரியாக 387 நாள் ஆனது. மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் நீண்டது. ஆன்டிபயாடிக் உட்கொள்ளும்போது குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் மடிந்து இடம் காலியாகிறது. சிறு எண்ணிக்கையில் ஒதுங்கிக் கிடந்த எதிர்ப்பு வகை அங்கே பெருகிவிடுகிறது. எதிர்ப்பு மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட், பக்கத்திலுள்ள வேறு பாக்டீரியாவுக்கும் கைமாறும்.

மருத்துவமனைதான் ஒரே வாசல் என்றும் சொல்ல முடியாது. 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், வெளிநாடு சென்றுவந்த ஏறத்தாழ 2,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் ஈ.எஸ்.பி.எல். என்னும் மருந்துச்சிதைவு நொதி கொண்ட பாக்டீரியாவைப் புதிதாகப் பெற்றுத் திரும்பினர். தெற்காசியா போனவர்களில் நாலில் மூன்று பேர். இது நம் குடிநீரையும் கழிவுநீரையும் பற்றிய செய்தி என்பதால் நமக்கு உறைக்க வேண்டும்.

சோதனை எளியது: மலவாயில் பஞ்சுக்குச்சியை நுழைத்து எடுத்து, நிறம் காட்டும் வளர்ப்புத் தட்டில் தேய்க்கிறார்கள். மறுநாள் ஈ. கோலை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகவும், கிளெப்சியெல்லா எஃகு நீலமாகவும் முளைத்திருக்கும். குச்சியில் மலத்தின் நிறம் படாவிட்டால் முடிவை நம்பலாகாது. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்ததாலேயே குடல் சுத்தமாகிவிட்டதென்றும் கொள்ளலாகாது. அடுத்த ஆன்டிபயாடிக் சுற்றில் அது திரும்பத் தலைகாட்டக்கூடும்.

இதை அகற்ற உறுதியான மருந்தில்லை. 2019-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதலும், குடலிலிருந்து இதை நீக்கும் சிகிச்சையை வழக்கமாகச் செய்யும்படி பரிந்துரைக்கவில்லை. ஆரோக்கியமானவரின் மலத்தைக் குடலில் செலுத்தும் முறை ஆய்வில் உள்ளது. அதே ஆண்டில் அமெரிக்காவில், தானம் தந்தவரின் மலத்திலிருந்த எதிர்ப்பு ஈ. கோலையால் ஒருவர் இறந்தபின், தானமலத்தை முன்கூட்டியே சோதிப்பது கட்டாயமானது.

சுமப்பவரை வீட்டில் ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. கழிப்பறை போய்வந்த பின்னும் சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த விவரம் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அடுத்தமுறை வேறு மருத்துவமனையில் சேரும்போது, எந்த அறையில் படுக்கவைப்பது, எந்த மருந்தில் தொடங்குவது என்பதை மருத்துவர் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார்.