பெயர் நிலைத்து எல்லை மறைந்த தொகுதி: பழைய கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியும் பீளமேடும்

கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதி 1952 முதல் இன்றுவரை ஒரே பெயரால் வழங்கப்பெறுகிறது. எனினும் 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையோடு பழைய தொகுதி முடிவுற்றது என்றே கொள்ளவேண்டும். 2004ஆம் ஆண்டுத் தேர்தல் வரை சிங்காநல்லூர், கோவை கிழக்கு, கோவை மேற்கு, பேரூர், பல்லடம், திருப்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கியிருந்தன. கோவையின் நூற்பாலையும் பல்லடத்தின் விசைத்தறியும் திருப்பூரின் பின்னலாடையும் ஒரே உறுப்பினரைத் தில்லிக்கு அனுப்பின.

அத்தொகுதியின் உள்முரணை அவினாசி சாலையிலுள்ள பீளமேட்டில் தெளிவாகக் காணலாம். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் இவ்வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. பீளமேட்டின் கிழக்கே, அதே சாலையிலுள்ள சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பத்தாண்டுகள் கழித்து, 1956இல், ஆலையதிபர் குடும்பத்தின் அறக்கட்டளை கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியை இங்குத் தொடங்கியது. தியாகிகளின் நினைவும் ஆலையதிபர்களின் கல்விக்கொடையும் ஒரே வாக்காளர் நடுவே நின்றன.

தேர்தல் முடிவுகளும் இவ்விரு முனைகளுக்கிடையே ஊசலாடின. 1957இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வென்றார். 1962இல் அவ்விடம், மேற்சொன்ன கல்லூரியின் நிறுவனருள் ஒருவரான காங்கிரசின் பி.ஆர்.இராமகிருஷ்ணனுக்குச் சென்றது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.ரமணியும், 1971இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.பாலதண்டாயுதமும் வென்றனர். பாலதண்டாயுதம் 1973 மே 31 அன்று தில்லி விமான விபத்தில் இறந்தார். 1974 இடைத்தேர்தலிலும் 1977 பொதுத்தேர்தலிலும் பார்வதி கிருஷ்ணனே தேர்வானார். அதன்பின் 27 ஆண்டுகள் இடதுசாரிகளுக்கு இத்தொகுதி வாய்க்கவில்லை. இவ்விடைவெளியைக் கூட்டணிக் கணக்கால் மட்டும் விளக்குவது போதாது. ஆலைத் தொழிற்சங்கங்களின் தளர்வையும், 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்புகளுக்குப்பின் நகர அரசியல் திரும்பிய திசையையும் சேர்த்தே நோக்கவேண்டும். 1998, 1999 தேர்தல்களில் பாரதிய ஜனதாவின் சி.பி.இராதாகிருஷ்ணன் வென்றார்.

2004இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன் பெற்ற வெற்றியே பழைய எல்லையின் கடைசி வெற்றி. 2009இல் மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர்.நடராஜன் வென்ற ‘கோயம்புத்தூர்’ வேறு. அதில் திருப்பூர் இல்லை. கோவை கிழக்கு, கோவை மேற்கு, பேரூர் ஆகியன பட்டியலிலிருந்தே நீங்கின. சூலூர், கவுண்டம்பாளையம், கோவை வடக்கு, கோவை தெற்கு ஆகியன சேர்ந்தன. பல்லடமும், பீளமேடு அடங்கிய சிங்காநல்லூரும் மட்டுமே பழம்பெயரோடு எஞ்சின. ஆகவே 2004, 2009 வாக்கு விகிதங்களை ஒரே தொகுதியினவாகக் கருதி ஒப்பிடும் வழக்கம் பிழைக்கு இடந்தரும். சுப்பராயன் 2019இல் மீண்டும் மக்களவைக்குச் சென்றது திருப்பூர்த் தொகுதியிலிருந்து. அதே தேர்தலில் கோயம்புத்தூரில் வென்றவர் நடராஜன்.