பேட்டரி எத்தனை வருஷம் வரும்? – ஒரு பழைய கேள்வியின் கதை

நம் குடியிருப்பில் யாராவது மின்சாரக் கார் வாங்கி வந்தால், எலுமிச்சம்பழம் வைத்துக் காரை நகர்த்துவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "எட்டு வருஷத்துல பேட்டரி போயிருமாமே?" கேட்பவர்கள் விவரம் இல்லாமல் கேட்கவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றிப் பழகியவர்கள். அந்த அனுபவத்தை வைத்தே காரையும் எடை போடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு ஜாதி பேட்டரிகள். அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

ஈயத்தின் காலம்

இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்தார். 1900 வாக்கில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கார்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரக் கார்கள்தான். கனமான பேட்டரி, குறைந்த தூரம், மலிவாகிப்போன பெட்ரோல் கார் ஆகியவை சேர்ந்து அவற்றை ஓரங்கட்டின.

இந்தியாவின் முதல் மின்சாரக் கார் நமக்குப் பக்கத்தில் உருவானது என்பது பலருக்குத் தெரியாது. 'லவ்பேர்ட்' என்ற அந்த இருவர் கார், 1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகமானது. எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு சேர்ந்து சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் அதைத் தயாரித்தது. எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டால் சுமார் 60 கி.மீ. ஓடும். அதாவது திண்டுக்கல்லில் புறப்பட்டு மதுரை போய்ச் சேருவதே சந்தேகம். செங்குத்தான மேடும் ஏறாது. விற்பனை எடுபடவில்லை. 2001-ல் பெங்களூரில் வந்த 'ரேவா' லண்டன் தெருக்கள் வரை போனது. அதிலும் முதலில் ஈய-அமில பேட்டரிதான். சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும். "பேட்டரி சீக்கிரம் போயிரும்" என்ற பேச்சு அந்தக் காலத்துக்குப் பொருத்தமானதே.

லித்தியம் வந்த பிறகு

லித்தியம்-அயான் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளம் போட்ட குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ரேவாவை வாங்கிய மஹிந்திரா, 2013-ல் லித்தியம் பேட்டரியோடு 'இ2ஓ' காரை வெளியிட்டது. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் இ.வி.க்கு பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ.

அந்த எட்டு ஆண்டு என்பது உத்தரவாதத்தின் கெடுவே தவிர, பேட்டரியின் ஆயுள் அல்ல. லித்தியம் பேட்டரி பெரும்பாலும் ஒரே நாளில் படுத்துவிடாது, கொள்ளளவு மெல்லக் குறையும். கனடாவின் ஜியோடேப் நிறுவனம் ஆயிரக்கணக்கான வாகனங்களின் பதிவுகளை ஆராய்ந்து, சராசரி இழப்பு ஆண்டுக்கு 1.8 சதவீதம் என்று 2024-ல் வெளியிட்டது. அந்தக் கணக்குப்படி இன்று 300 கி.மீ. ஓடும் கார், பத்து ஆண்டு கழித்து ஏறத்தாழ 245 கி.மீ. ஓடும். மதுரைக்குப் போய்த் திரும்ப அது தாராளம்.

அரிசோனா வெயில் தந்த பாடம்

ஆனால் அது சராசரிதான். வெயில் ஊர்க்காரர்கள் இன்னொரு கதையையும் கேட்க வேண்டும். 2010 கடைசியில் வந்த நிஸான் லீஃப் காரின் பேட்டரிக்குத் தனியாகக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அங்கே 2012-லேயே, "வாங்கி ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஓடும் தூரம் குறைந்துவிட்டது" என்று உரிமையாளர்கள் புகார் எழுப்பினர். பிறகு நிறுவனம் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுத்தது. வெப்பம் தாங்கும் பேட்டரியும் வந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் திரவம் ஓடிப் பேட்டரியைக் குளிர்விக்கிறது.

சூடு ஏற ஏற உள்ளே வேண்டாத ரசாயன மாற்றங்கள் வேகமெடுக்கும். முழு சார்ஜோடு வெயிலில் நிற்கும்போது பாதிப்பு அதிகம். கத்திரி வெயிலில் திண்டுக்கல்லில் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு இது நேராகப் பொருந்தும்.

பழைய பழக்கம், புதிய பேட்டரி

இன்வெர்ட்டர் பேட்டரியை எப்போதும் முழு சார்ஜில் வைக்க வேண்டும். சார்ஜ் இறங்கிக் கிடந்தால் தகட்டில் உப்புப் படிந்து கெட்டிப்படும். லித்தியத்துக்கு இது தலைகீழ். நல்ல எண்ணத்தோடு தினமும் 100 சதவீதம் ஏற்றி வைப்பதே அதன் ஆயுளைக் குறைக்கலாம். ஆகவே:

• அன்றாட ஓட்டத்துக்கு 20 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும், புறப்படும் நேரத்தையொட்டி முழுதாக ஏற்றுங்கள்.

• எல்.எஃப்.பி. வகை பேட்டரி என்றால், அளவு காட்டும் மீட்டர் சரியாக இருக்க அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்வார்கள். காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள்.

• ஃபாஸ்ட் சார்ஜர் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு. வீட்டில் மெதுவான சார்ஜ் போதும். வெயிலில் ஓட்டி வந்தால் சற்று ஆறவிட்டுப் போடுங்கள்.

• வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்துங்கள்.

• கொடைக்கானலில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள். இறக்கத்தில் உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும்.

• பழைய மின்சாரக் கார் வாங்குபவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல், பேட்டரியின் மிச்சக் கொள்ளளவு எத்தனை சதவீதம் என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள்.

இதில் நிழல் மட்டும் தனி ஒருவரால் முடிகிற காரியமில்லை. வாகனம் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போடுவதையும், ஓரமாக வேப்பங்கன்று நடுவதையும் அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் அந்த நிழல் உதவும்.