மெரினோ: ஒரு பெயரின் மேய்ச்சல் பாதை

மேயர், மேஜர் ஆகிய இரண்டும் நம் நாளிதழ்களுக்குப் பழகிப்போன சொற்கள். இரண்டுக்கும் மூலம் 'மாயோர்' என்ற லத்தீன் சொல். 'இன்னும் பெரிய' என்று பொருள். உயர்ந்த கம்பளி ஆடைகளின் கழுத்துப்பட்டியில் காணும் 'மெரினோ'வும் இதே குடும்பம்தான் என்கிறது ஒரு கட்சி. அது ஆப்பிரிக்கக் குலத்தின் பெயர் என்கிறது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை.

முதல் கட்சியின் வாதம் இது. 'மாயோர்' என்பதோடு, 'சேர்ந்த' என்று பொருள்படும் 'இனுஸ்' விகுதி கூடி 'மாயோரினுஸ்' ஆயிற்று. பெரிய வகையைச் சேர்ந்தது என்று பொருள். 4ஆம் நூற்றாண்டு ரோமானிய நாணயம் ஒன்றுக்கும் 'மாயோரினா' என்றே பெயர். இடைக்கால ஸ்பெயினில் இச்சொல் தேய்ந்து 'மெரினோ' ஆகி, காஸ்தீல், லியோன் மன்னர்களின் வட்டார அதிகாரியைக் குறித்தது. அவருடைய ஆட்சிப்பகுதி 'மெரிந்தாத்'. நவார்ராவில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. மந்தைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் கவனித்தவருக்கும் 'மெரினோ' என்ற பெயர் உண்டு என்று ஸ்பானிய அகராதி பொருள் தருகிறது. மேற்பார்வையாளரின் பெயர் மந்தைக்கு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாம் கட்சி மொராக்கோவைக் காட்டுகிறது. 13 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அங்கே ஆண்ட பெர்பர் வம்சத்தவர் மரீனிகள். ஸ்பானியர் அவர்களை 'பெனிமெரினெஸ்' என்றனர். வட ஆப்பிரிக்க ஆடுகள் வணிகர்கள் வழியாக ஸ்பெயினுக்கு வந்து உள்ளூர் ஆடுகளோடு கலந்தன, பெயரும் அவற்றோடு வந்தது என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் லோபெஸ் 1953இல் வாதிட்டார்.

மூன்றாவதாக ஒரு பழங்கதையும் உண்டு. காஸ்தீலுக்கு மருமகளாகப் போன லங்காஸ்டர் கேதரின் 1388இல் இங்கிலாந்து ஆடுகளைச் சீதனமாகக் கொண்டுவந்தாளாம். கடல் கடந்து வந்ததால் அவை 'மரினோ' என்று அழைக்கப்பட்டனவாம். சென்னை மெரினாவின் பெயரும் கடலைக் குறிக்கும் அதே வேரில் பிறந்ததுதான். ஆனால் கம்பளியின் பெயராக இச்சொல் அந்தத் திருமணத்துக்கு முன்பே வணிகத் தாள்களில் வந்துவிட்டது. எனவே மெரினாவும் மெரினோவும் உடன்பிறப்புகள் அல்ல.

வேர் எதுவானாலும், பழைய தாள்களில் இச்சொல் பெரிதும் சரக்கின் பெயராகவே வருகிறது. ஆயர் வாயில் பிறந்த பெயராக அது தெரியவில்லை. துணி வணிகரின் கணக்கேட்டிலிருந்து ஆட்டின் மீது ஏறியதாகவே தோன்றுகிறது. மெரினோவின் பிற்கால வரலாறு முழுவதும் சரக்கின் வரலாறாகவே இருப்பது இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது.

கோடையில் வடக்கு மலைகள், குளிர்காலத்தில் தெற்கே எஸ்த்ரமதுரா என்று ஆண்டுதோறும் நெடுந்தூரம் நடந்த ஆடுகள் இவை. மந்தைக்காரர்களின் சங்கமான 'மெஸ்தா'வுக்கு அல்போன்சோ மன்னர் 1273இல் உரிமைகள் வழங்கினார். 1836 வரை நீடித்த அந்தச் சங்கம் வழித்தடங்களையும் மேய்ச்சலையும் காத்து நின்றது. ஆடுகளை வெளிநாடு கொண்டுபோகத் தடை இருந்தது. அந்தத் தடை கடைசியில் அரண்மனை வாசலில்தான் தளர்ந்தது. 1765இல் சாக்சனிக்கும் 1786இல் பிரான்சின் ராம்பூயே பண்ணைக்கும் மந்தைகளை அனுப்ப ஸ்பானிய அரசர் இசைந்தார். டச்சு அரச குடும்பத்துக்குக் கொடுத்த ஆடுகளின் வழித்தோன்றல்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் வழியாக 1797இல் சிட்னி சேர்ந்தன. அவற்றில் சிலவற்றை வாங்கி வளர்த்தவர் ஜான் மக்காத்தர்.

போன இடமெல்லாம் பெயரும் கிளைத்தது. பிரெஞ்சு மந்தை பண்ணையின் பெயரால் 'ராம்பூயே' இனம் ஆனது. ஜெர்மானியக் கம்பளித் துணிக்கு 'சாக்சனி' என்று பெயர். ஆஸ்திரேலியாவில்தான் 'மெரினோ' அப்படியே நிலைத்து நாட்டின் செல்வமாயிற்று.

சரக்கின் புகழுக்குக் காரணம் இழையின் மென்மை. மனிதத் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் இருந்தால், மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அடங்கும். மிக நயமானது 18க்கும் கீழே போகும். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகளின் முனை எளிதில் வளையாமல் தோலைக் குத்துவதால்தான் முரட்டுக் கம்பளி அரிக்கிறது. மெரினோ இழையின் நெருக்கமான சுருள்கள் காற்றைச் சிறைப்பிடித்து வெப்பத்தைக் காக்கின்றன. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாக உறிஞ்சிக்கொண்டும் கம்பளி நனைந்ததாகத் தெரியாது. இத்தனைக்கும் விலை ஆடே கொடுக்கிறது: இதன் மயிர் தானாக உதிராது, வளர்ந்துகொண்டே போகும். 2015இல் கான்பெராவுக்கு அருகே வழிதவறித் திரிந்த ஓர் ஆட்டிடமிருந்து 41.1 கிலோ கம்பளி கத்தரித்தார்கள். நடக்கவே திணறிய நிலையில்தான் அது கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் இந்தப் பெயருக்குச் சந்ததி உண்டு. கோவை ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோவும் வேறு சில இங்கிலாந்து இனங்களும் கலந்து 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி ஆடு உருவானது. பின்னர் ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில், நீலகிரி ஆட்டோடு மெரினோவையும் ராம்பூயேவையும் கலந்து உருவாக்கிய ஆட்டுக்கு 'சாண்டினோ' என்று பெயர். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் வளர்வது 'பாரத் மெரினோ'.

'சாண்டினோ'வில் மெரினோவின் வால் மட்டுமே மிச்சம். முதல் கட்சி சொல்வது சரியென்றால், 'பெரிய' என்ற லத்தீன் வேர் முழுவதும் உதிர்ந்து, 'சேர்ந்த' என்ற விகுதி மட்டும் மலையேறியிருக்கிறது. பெயர் வைத்தவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, பழைய இலக்கணப்படி சாண்டினோ என்றால் சாண்டிநல்லாவைச் சேர்ந்தது என்றே பொருள் வருகிறது.