சமையல் முறையும் தளவரைவும்: கூட்டுக் குடியிருப்பில் பொது இடத்தைத் திட்டமிடல்

டென்மார்க்கில் 1970களில் வேரூன்றிய ‘கோஹவுசிங்’ எனும் கூட்டுக் குடியிருப்பைப் பற்றி எழுதுவோர் பலரும் அதன் பொதுமனையின் பரப்பிலிருந்தே தொடங்குகின்றனர். அடுத்து அறைகளின் பட்டியல் வரும்: உணவுக்கூடம், சலவை அறை, தச்சுப்பட்டறை, குழந்தைகள் விளையாடும் அறை, விருந்தினர் அறை. பரப்பும் பட்டியலும் பின்னர் பேச வேண்டியவை என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இடத்தில் யார் வேலை செய்வார்கள், அதைக் கடக்காமல் ஒருவர் தம் வீட்டுக்குப் போய்விட முடியுமா என்ற இரு கேள்விகளே முதலில் எழ வேண்டும்.

இதற்கான சான்று டென்மார்க்கைவிட ஸ்வீடனில் தெளிவாகக் கிடைக்கிறது. சமூகவியலாளர் ஆல்வா மிர்டாலின் சிந்தனையை ஏற்று, கட்டடக்கலைஞர் ஸ்வென் மார்க்கேலியஸ் 1935இல் ஸ்டாக்ஹோமில் கூட்டில்லம் ஒன்றை வடிவமைத்தார். கீழ்த்தளத்தில் உணவகமும் குழந்தைக் காப்பகமும் இருந்தன. வேலைக்குப் போகும் பெண்ணை அடுப்படியிலிருந்து மீட்பதே நோக்கம். சமைத்தவர்கள் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள். உணவு சிறு மின்தூக்கிகளில் ஏறி மேல்தள வீடுகளுக்கே வந்து சேர்ந்தது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய தேவையையும் அந்த மின்தூக்கியே நீக்கிவிட்டது. அங்கே இருந்தது பொதுச் சேவை. அதைப் பொது இடம் என்று சொல்ல நான் தயங்குவேன்.

ஸ்டாக்ஹோம் புறநகரான ஹெசல்பியில் 1950களின் நடுவில் எழுந்த குடும்ப விடுதியும் பணியாளர்களையும் உணவகத்தையும் நம்பியதுதான். 1976இல் அந்த உணவகம் மூடப்பட்டது. குடியிருந்தோரில் ஒரு சாரார் தாங்களே முறைவைத்துச் சமைக்கத் தொடங்கினர். கட்டடம் மாறவில்லை, கரண்டி பிடித்த கை மட்டும் மாறியது. பின்னர் ஸ்வீடனில் பரவிய, குடியிருப்போரே வேலை செய்யும் கூட்டில்லங்கள் இந்த வழியில்தான் சென்றன. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறியபின் வாழும் நடுவயதினருக்கும் முதியோருக்கும் என 1993இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ஃபார்ட்க்னாப்பனும் அவற்றுள் ஒன்று. அதில் 43 வீடுகள்.

ஹெசல்பியில் சமைக்க வந்தவர்கள் இயல்பிலேயே கூடிவாழும் விருப்பமுடையோர், கட்டடத்துக்கு இதில் பங்கில்லை என்று மறுக்கலாம். பாதி உண்மை. விருப்பம் தொடங்கிவைக்கும், பத்தாம் ஆண்டிலும் அதைத் தாங்கி நிற்பது நடைவழியும் சமையல் முறையும்தான்.

நடைவழிக்கு டென்மார்க்கின் பிர்கெரோடில் உள்ள த்ரூடெஸ்லுண்டைப் பார்க்கலாம். வாண்ட்குன்ஸ்டன் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 1981இல் முடிந்தது, 33 வீடுகள். கார்கள் மனையின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன. வீடுகள் இரு நடைத்தெருக்களை ஒட்டி வரிசையாக நிற்க, அத்தெருக்கள் கூடும் இடத்தில் பொதுமனை. வேலை முடிந்து வருபவர் அன்றைய சமையல்காரர் யார், அடுப்பில் என்ன வேகிறது என்று அறிய எங்கும் தனியே போக வேண்டியதில்லை. சலவை அறையும் அங்கேயே இருப்பதால் சாப்பிட வராதவரும் துணியோடு வந்தாக வேண்டும். இத்தகைய தற்செயல் சந்திப்புகளின் மதிப்பை டேனிஷ் கட்டடக்கலைஞர் யான் கெல் 1971இலேயே தம் நூலில் விளக்கியிருந்தார். மனையின் கடைக்கோடியில் ‘அமைதிக்காக’ ஒதுக்கப்படும் பொதுமனை, வரைபடத்தில் அழகாகத் தெரியும், அவ்வளவே.

சமையல் முறை குடியிருப்பின் அளவையே நிர்ணயிக்கிறது. முப்பது வீடுகளில் அறுபது பெரியவர்கள் என்று கொள்வோம். இருவர் இருவராக வாரம் ஐந்து மாலைகள் சமைத்தால் ஒருவருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேலை வரும். பத்து வீடுகளில் இருபது பேர் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒருவர் நோயுற்று இன்னொருவர் ஊருக்குப் போனால் மீதிப்பேர் சலித்துக்கொள்வர். நூறு வீடுகளில் முறை எளிதாகும். ஆனால் இருநூறு பேருக்குச் சமைக்க இருவர் போதாது, ஓட்டல் அளவு சமையலறை வேண்டும், சில ஆண்டுகளில் சம்பளப் பணியாளரும் வருவார். அப்போது 1935க்கே திரும்பிவிடுவோம்.

ஆகவே முதல் திட்டக் கூட்டத்தில் வாரத்துக்கு எத்தனை மாலைகள் சேர்ந்து உண்பது என்று முடிவாக வேண்டும். தனி வீட்டுச் சமையலறையை எவ்வளவு சுருக்கலாம் என்பதும் அதிலிருந்தே வரும். ஒவ்வொரு வீட்டிலும் முழு அடுக்களை கட்டிக்கொண்டு பொதுமனைக்கும் பணம் போடுவது இரட்டைச் செலவு. அந்தச் செலவைத் தாங்க முடியாதபோது வெட்டப்படுவது எப்போதும் பொதுமனைதான். உணவுக்கூடத்தின் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதிப்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஐம்பது பேர் பேசும் எதிரொலியில் காது மந்தமான முதியவர் இருமுறை உட்கார்ந்து பார்ப்பார், மூன்றாம் முறை தட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்.

முதுமை இந்த வாதத்துக்கே ஒரு சோதனை. பொது இடத்தின் உயிர் அங்கே செய்யும் வேலையில் இருக்கிறது என்றால், பெரிய பாத்திரத்தைத் தூக்க முடியாதவரின் இடம் என்ன? அவரை முறையிலிருந்து விடுவிப்பது கருணையாகத் தோன்றினாலும் அவரை விருந்தாளியாக்கிவிடும். வேலையைப் பிரித்துக் கொடுப்பதே பொருத்தம்: காய் நறுக்குதல், கணக்கு எழுதுதல், மேசை விரித்தல். அதற்கு, உட்கார்ந்து நறுக்கத் தோதான தாழ்வான மேடையும் அதனருகே நாற்காலி போட இடமும் சமையலறையின் முதல் வரைவிலேயே இருக்க வேண்டும்.