மத்திய அலையும் பாட்டும்

வானொலியின் வரலாற்றை எழுதுவோர் நிலையங்களின் தோற்றத்தையும் நிகழ்ச்சிகளின் வகைகளையும் விரித்துரைப்பர். பாட்டு எந்த அலையில் ஏறி வந்தது என்பதை ஆராய்வதில்லை. ஏட்டுச்சுவடியில் வாழ்ந்த பாட்டு வேறு, அச்சேறிய பின்னர் வாழ்ந்த பாட்டு வேறு என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். அதுபோலவே மத்திய அலையில் வாழ்ந்த பாட்டு என ஒன்று உண்டு. பண்பலை பரவிய பின்னர், மத்திய அலை செய்திக்கும் பேச்சுக்குமே உரியது, பாட்டுக்கு உதவாது என்னும் கருத்து உலகெங்கும் வேரூன்றியது. அக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை என்பதைத் தமிழ் மக்கள் மிகுதியும் கேட்டு வந்த சென்னை, கொழும்பு நிலையங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது பொருந்தும்.

சென்னையில் வானொலி ஆர்வலர் சிலர் கூடி 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர். பொருள் முட்டுப்பாட்டால் அது 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் தோன்றின. கொழும்பில் தந்தித் துறைப் பொறியாளரான எட்வர்ட் ஹார்ப்பர் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிச் சோதனை செய்தார். 1925 டிசம்பரில் அங்கு முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. பேச்சைவிட இசையே வானொலிக்கு முதற்கண் கைகொடுத்தது என்பது இதனால் விளங்கும்.

இனி, மத்திய அலையின் குறை யாது? வீச்சுப் பண்பேற்ற முறையில் ஒலியின் ஏற்ற இறக்கம் அலையின் உயரமாக மாற்றப்படுகிறது. மின்னலும் மின்பொறிகளும் அதே உயரத்தைத்தான் குலைக்கின்றன; ஆதலால் பாட்டோடு இரைச்சலும் கலந்து வருகிறது. மேலும், 1975இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு ஆசியா உள்ளிட்ட பகுதிகளில் மத்திய அலை நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை வகுத்தது. அண்டை நிலையத்தின் குறுக்கீட்டைத் தவிர்க்க, வானொலிப் பெட்டிகள் ஏறத்தாழ 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைக் குறைத்தே தருகின்றன. பண்பலையிலோ 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வருகிறது. வீணையின் நுண்ணிய அதிர்வும் தாளத்தின் கணீரென்ற ஓசையும் மத்திய அலையில் மங்குவது இதனாலேயே.

எனினும் மனிதக் குரலின் சொற்றெளிவுக்கு வேண்டிய ஒலிகளுட் பெரும்பகுதி அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கருவியிசை இழப்பதை வாய்ப்பாட்டு அவ்வளவாக இழப்பதில்லை. வாய்ப்பாட்டிலும் சொல் முதன்மை பெற்ற பாட்டு மிகக் குறைவாகவே இழக்கிறது. ஆதலின் மத்திய அலை இசைக்குப் பகையாகலாம்; பாட்டின் சொல்லுக்குப் பகையன்று. 1950களிலும் 1960களிலும் வந்த தமிழ்த் திரைப்பாடல்களிற் பலவற்றில் குரல் முன்னும் கருவிகள் பின்னும் நின்றன. அப்பாடல்களை மனப்பாடமாகக் கூறும் தலைமுறையினர் பலர் அவற்றைப் பாட்டுப்புத்தகத்தின் துணையோடு வானொலி வழியாகவே கற்றனர்.

கொழும்பு நிலையம் தமிழகத்தில் பெற்ற செல்வாக்கிற்கு வழிவகுத்தது டில்லியே எனலாம். 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையில் பற்றுமிக்கவர். திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கும் எனக் கருதியவர். திரைப்பாடலுக்குரிய நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைக் கூறுவதும் விளம்பரமாகக் கொள்ளப்பட்டுக் கைவிடப்பட்டது. தயாரிப்பாளர்கள் சினந்து உரிமத்தை மீட்டுக்கொள்ளவே, அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல் மறைந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950 செப்டம்பர் 30ஆம் நாளே தொடங்கப்பெற்றிருந்தது. டில்லி கதவை அடைத்தபோது கொழும்பின் கதவு திறந்தே இருந்தது. நல்லிசையை வளர்க்க எண்ணிய அமைச்சரின் நோக்கத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் கேட்போர் விரும்பாததை ஆணையால் கேட்பிக்க இயலாது என்பதை அவர் காணத் தவறினார். இழந்த நேயர்களை மீட்க 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பட வேண்டியதாயிற்று.

இலங்கை வானொலி தொலைவான பகுதிகளைச் சிற்றலை வழியாகவே எட்டியது. தமிழகத்தின் தென்கரைக்கோ மத்திய அலையும் உதவியது. இதில் இயற்கையின் துணையும் உண்டு. மத்திய அலை நிலத்தின்மேல் செல்லும்போது விரைவில் வலுவிழக்கும். மின்கடத்தும் திறன் மிக்க உப்புநீரின்மேல் நெடுந்தூரம் செல்லும். பகற்பொழுதில் கடல் அலையைத் தாங்கி வந்தது. இரவில் வானின் அயனி மண்டலம் அதனைத் திருப்பியனுப்பியது. இரு நாடுகளைப் பிரித்த கடலே இரு நாட்டுத் தமிழரின் செவிகளை இணைத்தது என்பது கவிஞர் கூற்றுப்போல் தோன்றினும் பௌதிக நூலார் ஒப்பும் செய்தியே.

ஆயினும் அலை எட்டியதனால் மட்டும் மக்கள் கேட்டனர் என்று கொள்வதற்கில்லை. இரைச்சலைப் பொறுத்துக்கொண்டு அவர்கள் கேட்டதற்குக் காரணம் நிகழ்ச்சியை அமைத்த முறையும் அறிவிப்பாளரின் தமிழுமாகும். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாடகர்களின் குரல்களுக்கு இணையாக மதிக்கப்பட்டன. 'பொங்கும் பூம்புனல்' எனக் காலை நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்டிய மனத்தில் தமிழ் இருந்தது. நேயர் விருப்பத்தில் பாட்டைக் காட்டிலும், விரும்பிக் கேட்டவர்களின் ஊரும் பெயரும் வாசிக்கப்படுவதையே சிலர் ஆவலோடு எதிர்பார்த்தனர். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலை உடனே பாட வேண்டும். அந்தாதி யாத்தவர்களின் வழிவந்தோருக்கு அது புதிய விளையாட்டன்று. 'இசையும் கதையும்' என்பது கதையினிடையே திரைப்பாடல்களைக் கோத்துத் தந்தது. உரையும் பாட்டும் விரவிவரும் மரபு சிலப்பதிகாரம் தொட்டுத் தமிழுக்கு உரியது. அம்மரபு வானொலியில் எளிய வடிவில் மறுபிறப்பெடுத்தது எனின் மிகையாகாது.

பின்னர் மாற்றம் வந்தது. இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23ஆம் நாள் சென்னையில்தான் தொடங்கியது. 1980களில் ஒலிநாடா வீடுதோறும் புகுந்தது. 2001இல் பெங்களூரில் தனியார் பண்பலை தோன்றிப் பிற நகரங்களுக்கும் பரவியது. இளையராஜா 1976இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான பின்னர் கருவியிசையின் செறிவு மிகுந்தது. அதன் அடிநாதங்களைச் சிறிய டிரான்சிஸ்டர் பெட்டி காட்டமாட்டாது. ஆனால் அப்பாடல்களை முதன்முதலில் ஊரூராகக் கொண்டுசேர்த்ததில் அதே சிறிய பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒலித்தெளிவின்மை மட்டுமே மத்திய அலையின் வீழ்ச்சிக்குக் காரணம் என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அமெரிக்காவிலும் இத்தகைய நிலையே காணப்படுகிறது. 1970களின் இறுதியில் பண்பலை நேயர் எண்ணிக்கையில் முந்தியது. நியூயார்க்கின் புகழ்பெற்ற பாடல் நிலையமான டபிள்யூ.ஏ.பி.சி. 1982 மே 10ஆம் நாள் பாடல்களை விடுத்துப் பேச்சுக்கு மாறியது. மத்திய அலையில் இருதட ஒலியைத் தர அங்கு முயன்றனர். அரசு ஆணையமோ ஒரு முறையை வரையறுக்காமல் 1982இல் அதனைச் சந்தையின் போக்கிற்கு விட்டது; 1993இல் ஒன்றைத் தேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. பண்பலையில் கிடைத்த பாடல்களையே தந்த நிலையங்கள் தோற்றன. ஸ்பானிய மொழிப் பாடல், கிறித்தவப் பக்திப்பாடல், பழைய நாட்டுப்புற இசை என வேறிடத்தில் எளிதிற் கிடைக்காதவற்றைத் தந்தவற்றுட் சில அதற்குப் பின்னும் நிலைத்தன.

இவ்வேறுபாடே வினாவிற்கு விடையாகிறது. பண்பலையிலும் கைப்பேசியிலும் தெளிவாகக் கிடைக்கும் அதே திரைப்பாடலை இரைச்சலோடு தரும் மத்திய அலையை எவரும் நாடப்போவதில்லை. கைப்பேசியின் வானொலிப் பகுதி காதணிக் கம்பியையே வானலை வாங்கியாகக் கொண்டு பண்பலையை மட்டும் பிடிக்கிறது. மத்திய அலைக்கு வேண்டிய ஃபெரைட் தண்டுக்கு அதில் இடமில்லை. மின்விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலும் வீடுகளிற் பெருகிவிட்டது. இத்தடைகளையும் கடந்து ஒருவரைப் பெட்டியைத் திருப்பச் செய்ய வேண்டுமாயின், பிறிதெங்கும் கேட்க முடியாத பாட்டு அங்கே ஒலிக்க வேண்டும்.

அத்தகைய பாட்டு வானொலியிடம் இல்லாமலில்லை. அகில இந்திய வானொலி மெல்லிசை என்னும் பெயரால் கவிஞர்களின் பாடல்களுக்கு இசையமைத்து ஒலிபரப்பியது. இலங்கையில் 1970களில் ஈழத்து மெல்லிசை தனியொரு துறையாகவே வளர்ந்தது. சில்லையூர் செல்வராசனைப் போன்றோர் கவிஞராகவும் வானொலிக் கலைஞராகவும் ஒருங்கே விளங்கினர். திரைப்படத்தின் கதைச்சூழலுக்குக் கட்டுப்படாமல், கவிஞன் தானே தேர்ந்த பொருளில் எழுதி மக்கள் செவியை எட்டிய பாடல்கள் அவை. திரைப்பாடலைப்போல் அவை பெருவாரியாக இசைத்தட்டாகவோ ஒலிநாடாவாகவோ விற்பனைக்கு வரவில்லை. எழுதியவர்களின் தொகுப்புகளிலும் அவற்றிற் பல இடம்பெறவில்லை. இசையோடு கூடிய வடிவம் வேண்டுவோர் நிலையங்களின் ஒலிநாடாக் களஞ்சியங்களைத்தான் நாட வேண்டியுள்ளது.