சந்தியும் சமூகமும்: சென்னை மத்திய மெற்றோ நிலையம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சந்தி என்னும் சொல் தமிழர்க்கு இருவகையில் அறிமுகமானது. பரந்தன் சந்தி, மாங்குளம் சந்தி என வன்னி மக்கள் நாள்தோறும் வழங்குவது பாதைகள் கூடும் இடத்தை. இலக்கண ஆசிரியர் அச்சொல்லாற் குறிப்பது சொற்கள் கூடும் இடத்தை. நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்தே ஓர் எழுத்துத் தோன்றலாம், திரியலாம், கெடலாம். மாற்றமின்றிப் புணர்தலும் உண்டு. போக்குவரத்துச் சந்திகளை ஆராய்வோர்க்கும் இதனையொத்த வினாவொன்று எழுகிறது. இரு பாதைகள் கூடுமிடத்தில் மாற்றத்துக்கு உள்ளாவது எது? பாதையா, வண்டியா, அன்றிப் பயணம் செய்யும் மனிதரா? இவ்வினாவை முன்வைத்துச் சென்னை மத்திய நிலத்தடி மெற்றோ நிலையத்தின் வரலாற்றையும் அமைப்பையும் நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

1

போக்குவரத்துத் தொழில் விற்பது இடமாற்றத்தையே என்பதனை மார்க்ஸ் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில் விளக்கியுள்ளார். இக்கருத்தைச் சற்று விரித்து நோக்கலாம். ஒரு வண்டியிலிருந்து இறங்கி, மூட்டைகளுடன் தெருவைக் கடந்து, மற்றொரு வண்டியில் ஏறும் பயணி அவ்விடமாற்றத்தின் ஒரு பகுதியைத் தன் உடலுழைப்பினாலேயே நிறைவேற்றுகிறார். அவ்வுழைப்பு எந்தக் கம்பனியின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. சென்னை நகரில் இவ்வாறான கணக்கில் ஏறாத உழைப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருந்தமைக்குத் திட்டவட்டமான வரலாற்றுக் காரணங்கள் உள்ளன.

தென்னிந்தியாவின் முதலாவது பயணிகள் புகையிரதம் 1856இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதனை இயக்கிய மதராஸ் இரயில்வேக் கம்பனி 1873இல் மத்திய நிலையத்தை அமைத்தது. அதன் பாதைகள் 1,676 மில்லிமீற்றர் அகலமுடையவை. செலவைக் குறைக்கும் நோக்குடன் 1870களில் இந்தியாவில் 1,000 மில்லிமீற்றர் அகலமுடைய மீற்றர்பாதை புகுத்தப்பட்டது. தெற்கு மாவட்டங்களுக்குச் சென்ற தென்னிந்திய இரயில்வேக் கம்பனி இதனையே கைக்கொண்டது. அக்கம்பனியின் பெருநிலையம் 1908இல் எழும்பூரில் திறக்கப்பட்டது. இரு நிலையங்களுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் மட்டுமே. ஆயினும், கம்பனிகளும் பாதையகலங்களும் வேறாயிருந்தமையால் ஒன்றிலிருந்து புறப்பட்ட வண்டி மற்றதனுள் நுழைய இயலவில்லை. 1931இல் மின்மயமாகிய கடற்கரை–தாம்பரம் மீற்றர்பாதை, மத்திய நிலையத்துக்கு எதிர்ப்புறத்தில் உள்ள பூங்கா நிலையத்தைத் தொட்டுச் சென்றது. அங்கு இறங்கியவர் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தே மத்திய நிலையத்தை அடைதல் வேண்டும். 1990களில் உயர்பாலத்தின்மீது பறக்கும் இரயில் வந்தபோது ‘பூங்கா நகர்’ என்னும் வேறொரு நிலையம் தோன்றிற்று. ஒரே நாற்சந்தியின் அருகே மூன்று நிலையங்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. அவற்றைத் தொடுத்தவை பயணிகளின் கால்களும் சுமைதூக்கும் தொழிலாளரின் தலைகளுமே.

2

வன்னி வாசகர்க்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்த வடக்குப் புகையிரதப் பாதை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக 1905இல் நிறைவெய்தியது. 1914இல் வவுனியாவுக்குத் தெற்கேயுள்ள மதவாச்சியிலிருந்து தலைமன்னார்க் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டமை தற்செயலன்று. பெருந்தோட்டங்களுக்கு வேண்டிய மனித உழைப்பைத் தமிழகத்திலிருந்து தடையின்றிக் கொண்டுவருதல் அக்காலக் குடியேற்ற ஆட்சியின் தேவைகளுள் முதன்மையானது.

கிளிநொச்சியிலிருந்து வட இந்தியா செல்ல விரும்பிய ஒருவர் மதவாச்சியில் வண்டி மாறினார். தலைமன்னாரில் கப்பல் ஏறினார். தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் ஏறி எழும்பூரை அடைந்தார். இலங்கைப் பாதையின் அகலமும் 1,676 மில்லிமீற்றரே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. அகலப்பாதையில் தொடங்கிய அப்பயணம் கடலுக்கு அப்பால் மீற்றர்பாதைக்கு மாறி, மத்திய நிலையத்தில் திரும்பவும் அகலப்பாதையை அடைந்தது. எழும்பூருக்கும் மத்திய நிலையத்துக்கும் இடையிலான அச்சிறு இடைவெளி, நீண்டதொரு மாற்றச் சங்கிலியின் ஒரு கண்ணி எனலாம்.

3

சென்னை மெற்றோவின் முதற்கட்டப் பணிகள் 2009இல் தொடங்கின. ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளமுடைய அக்கட்டத்தில் நீலம், பச்சை என இரு வழித்தடங்கள் அமைந்தன. அவை கூடும் இடங்கள் இரண்டு. ஆலந்தூர் நிலையம் தரைக்கு மேலே உயர்ந்து நிற்பது. மத்திய நிலையம் தரைக்குக் கீழே அமைந்தது. 2018 மே மாதம் 25ஆம் திகதி நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகப் பச்சை வழித்தடம் இங்கு வந்து சேர்ந்தது. 2019 பெப்ரவரி 10ஆம் திகதி நீல வழித்தடம் இந்நிலையத்தினூடாக வண்ணாரப்பேட்டை வரை ஓடத் தொடங்கியது. 2020இல் இந்நிலையத்துக்கு எம்.ஜி.இராமச்சந்திரனின் பெயர் சூட்டப்பட்டது.

சுமார் 70,000 சதுர மீற்றர் பரப்புடைய இந்நிலையம் இந்தியாவின் மிகப்பெரிய நிலத்தடி நிலையங்களுள் ஒன்று. தெருமட்டத்துக்குக் கீழே முதலில் பயணச்சீட்டுக் கூடம். அதன்கீழ் இரு வழித்தடங்களின் மேடைகள் வெவ்வேறு மட்டங்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. ஒரு வழித்தடத்திலிருந்து மற்றதற்கு மாறுபவர் வாயிலைக் கடந்து வெளியே வரவோ, வேறு பயணச்சீட்டு வாங்கவோ வேண்டியதில்லை. நகரும் படிகள் அவரைச் சுமந்து செல்கின்றன. முன்னர் பயணியின் தலைமீதிருந்த உழைப்பின் ஒரு பகுதியை இப்பொழுது இயந்திரம் ஏற்றுள்ளது. இவ்வமைப்பின் வரலாற்று முக்கியத்துவம் இதுவே.

நெருக்கடி மிக்க தெருவின்கீழ் இத்தகைய நிலையத்தை அமைப்பதற்கு மேலிருந்து கீழ்நோக்கிக் கட்டும் முறை கையாளப்படுவதுண்டு. முதலில் நிலத்தில் ஆழமான அகழிகளை வெட்டிக் கொங்கிறீற்று நிரப்பிப் பக்கச் சுவர்கள் எழுப்பப்படும். பின்னர் கூரைத்தளம் இடப்படும். அதன்கீழ் மண்ணை அகற்றி ஒவ்வொரு தளமாக இறங்குவர். அருகே கூவம் ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஓடும் இப்பகுதியில் நிலத்தடி நீரைத் தடுத்தல் பொறியியலின் முதற்கவலை. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை போன்ற பழங்கட்டடங்கள் அசையாது காத்தல் அடுத்த கவலை. இம்மண்ணை அகழ்ந்தவருட் பெருந்தொகையினர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர். அவர்களுட் பலர் சென்னையில் வந்து இறங்கியதும் இதே மத்திய நிலையத்திலேயே. திறப்புவிழாக் கல்வெட்டுகளில் அவர்களின் பெயர்கள் இடம்பெறுவதில்லை.

4

கம்பனிகள் பிரித்துவைத்ததைப் பொது நிருவாகம் இணைக்கும் இவ்வனுபவம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. உலகின் முதலாவது நிலத்தடி இரயில் 1863இல் இலண்டனில் ஓடியது. அந்நகரிலும் பல தனியார் கம்பனிகள் தத்தம் சுரங்கங்களைத் தனித்தனியே தோண்டின. 1933இல் அவை ஒரே பொதுச் சபையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டிலேயே பாங்க், மொனுமென்ட் என்னும் இரு நிலையங்களும் நகரும் படிகளால் இணைக்கப்பட்டன. உடைமை உறவு மாறியபோது சுவரிலும் வழி திறந்தது.

எனினும் சென்னை நிலையத்தின் எல்லைகளையும் மறைத்தல் ஆகாது. மெற்றோவின் பாதையகலம் 1,435 மில்லிமீற்றர். பழைய இரு அகலங்களோடும் இணையாத மூன்றாவது அளவு அது. ஆகவே இன்றும் இணைவது தண்டவாளம் அன்று, மனிதரே. புறநகர் இரயிலில் மிகக்குறைந்த கட்டணம் 5 ரூபாவாக இருக்க, மெற்றோவில் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது 10 ரூபா. நகரும் படிகளின் ஆறுதலை அனுபவிப்பதற்கும் ஒரு விலை உண்டு. பேருந்து, புறநகர் இரயில், மெற்றோ ஆகிய மூன்றையும் ஒரே பயணச்சீட்டிற் கொண்டுவரும் செல்பேசிச் செயலி 2025இலேயே அறிமுகமாயிற்று. இராயபுரத்து முதல் வண்டிக்கும் அதற்கும் இடையே 169 ஆண்டுகள் கழிந்துள்ளன.

வன்னியில் ‘நிலத்தடி’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. போர்க்காலத்தில் வடக்குப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. மக்களை ஏற்றிச்சென்ற இரும்பு மக்களை மூடிக் காக்கும் இரும்பாயிற்று. இந்தியக் கடனுதவியுடன் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கோன் அப்பாதையை மீள அமைத்தது. 2013 செப்ரெம்பரில் வண்டி கிளிநொச்சியையும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. சென்னை மெற்றோவுக்கு யப்பானியக் கடன். வன்னிப் பாதைக்கு இந்தியக் கடன். இரண்டையும் இறுதியில் தீர்ப்பவர் வரி செலுத்தும் உழைக்கும் மக்களே. ஆகையால், எப்பாதை எங்கே கூடவேண்டும், எவர் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பவை பொறியியலாளர் மட்டும் தீர்மானிக்கும் விடயங்களாக இருத்தல் தகாது.

1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 2015இல் தலைமன்னார்ப் பாதை மீளத் திறக்கப்பட்டபோது அதன் முடிவில் அக்கரைக்கு ஏற்றிச்செல்லக் கப்பல் இருக்கவில்லை. மதவாச்சி மீண்டும் சந்தியாயிற்று. ஆயினும் வருமொழி இல்லாத நிலைமொழியாகவே நின்றது. எழும்பூரில் ஏறுபவர் இன்று அடுத்த நிலையமான மத்திய நிலையத்தில், தெருவைக் கடவாமலே வந்து இறங்குகிறார். இரண்டு கிலோமீற்றர் இடைவெளியை நிலத்தடியில் மூடுவதற்கு ஒரு நகரத்துக்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் வேண்டியிருந்தன. அதற்கு முந்திய கண்ணியாகிய கடல்வழி இன்னும் அறுந்தே கிடந்தது. சந்திகளின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே வரலாறாக எழுதுதல் வேண்டும்.